நாலு கிழமைக்கு ஒரு ஊசி

எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய கிளினிக் கட்டடத்தை இடித்துப் புதிது கட்டுகிறார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு சிறப்பு மலர் போடப் போகிறார்களாம். முன்பு என்னோடு வேலை செய்த ரிஸ்னா இப்போது அங்கே பொறுப்பான சிஸ்டர். போன மாதம் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“மிஸ், நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. அந்தக் காலத்துல ஊசி ரூம்ல எப்படி வேல நடந்திச்சி எண்டு. அந்த மெடிக்கல் போர்ட் கதய மட்டும் விட்ருங்க. மேல உள்ளவங்க விரும்ப மாட்டாங்க.”

“அதை விட்டா நான் எழுத என்ன இருக்கு, ரிஸ்னா?”

“மிஸ், பிரச்சின வேணாம் எண்டுதான் சொல்றேன்.”

“நான் எழுதித் தாறன். போடுறதும் விடுறதும் உங்கட பாடு.”

ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் தவமணி. முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தேன். அதில் இருபத்திநாலு வருஷம் வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு ஊசி போட்டேன். எனக்கும் சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்தது. அதை மறைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, ஏழு பேர். அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை. அந்த அறையில் ஒருவருக்குத் தொண்டை நோ வந்தால் வரிசையாக எல்லாருக்கும் வரும். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்போம், கொத்தமல்லி அவித்துக் குடிப்போம், நாலைந்து நாளில் சுகமாகிவிடும். எனக்கு ஒன்பது வயதில் வந்த தொண்டை நோவும் அப்படித்தான் போனது. போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை வலது முழங்கால் பந்து போல வீங்கியிருந்தது. காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. மேலே போர்த்திய சீலை பட்டாலே அலறினேன். மூன்றாம் நாள் முழங்கால் சும்மா வற்றிவிட்டது. இடது கணுக்கால் வீங்கியது. அது வற்ற முழங்கை. நோ உடம்புக்குள் வீடு மாறிக்கொண்டே இருந்தது. “பள்ளிக்கூடம் போகப் பஞ்சியில கள்ளம் செய்யிறாள்,” என்று அப்பா சொன்னார். நேற்று நொண்டிய கால் இன்று நன்றாக இருந்தால் அவர் வேறு என்ன நினைப்பார்? படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கத் தொடங்கியபிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இந்த நோயைப் பற்றித் தாய்மாருக்கு நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இங்கேயும் சொல்கிறேன். தொண்டைக்குள் ஒரு வகைக் கிருமி வருகிறது. அதை அடிக்க உடம்பு தன் படையைத் திரட்டுகிறது. கிருமி போனபிறகும் சில பிள்ளைகளின் உடம்பில் அந்தப் படை ஓய்வதில்லை. ஆள் மாறாட்டமாக, தன் சொந்த மூட்டுகளையும் இதயத்தின் வால்வுகளையுமே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. சில பிள்ளைகளுக்கு மூளையைத் தொடும். கை கால் தன்பாட்டில் துள்ளும், எழுத்து கிறுக்கலாகும், பள்ளிக்கூடத்தில் குழப்படி என்று அடி வாங்குவார்கள். மூட்டு வடு இல்லாமல் ஆறிவிடும். இதய வால்வு அப்படி இல்லை. அது தடித்துச் சுருங்கி, மூட வேண்டிய நேரத்தில் சரியாக மூடாமல் இரத்தத்தைப் பின்னுக்குக் கசியவிடும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம், வரும் ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுக்கத்தான் நாலு கிழமைக்கு, அதாவது இருபத்தெட்டு நாளைக்கு, ஒரு பென்சிலின் ஊசி. ஐந்து வருஷம், பத்து வருஷம், வால்வு பழுதானவர்களுக்கு நாற்பது வயது வரையும்கூட.

எனக்கு வால்வில் ஒரு சின்னக் கசிவு தங்கிவிட்டது. “ஓட விடாதேங்கோ, பாரம் தூக்க விடாதேங்கோ, பாரமான வேலை ஒண்டும் சரிவராது,” என்று டொக்டர் அப்பாவுக்குச் சொன்னார். நான் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து வருஷம் கழித்து நேர்ஸிங் பயிற்சிக்குத் தெரிவானேன். உடற் பரிசோதனைக்கு நீண்ட வரிசை. களைத்துப்போன ஒரு டொக்டர் சட்டைக்கு மேலாலேயே நெஞ்சில் குழாயை வைத்து எடுத்தார். “பெரிய வருத்தம், நோய் ஏதும் வந்திருக்கிறதா?” என்று படிவத்தில் கேட்டிருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயிற்சிக் காலத்தில் மாடிப்படி ஏறினேன், நோயாளிகளைத் தூக்கினேன், இரவு வேலை செய்தேன். என் ஊசியைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் போட்டுக்கொண்டேன். இப்படித்தான் மூன்று வருஷமும் போனது. சில வருஷம் வோர்டுகளில் வேலை செய்தபின் ஊசி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே சோமலதா சிஸ்டர் இருந்தார்.

சிஸ்டர் இரத்மலானைப் பக்கத்துச் சிங்களப் பெண். மெலிந்தவர், உயரம் குறைவு. குரல் உயர்த்த மாட்டார். தமிழ் விளங்கும், பேச வராது. எங்கள் கதை எல்லாம் சிங்களத்தில்தான். நல்ல வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பிழை இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பாராட்டு.

முதல் நாள் ஒரு மருந்துக் குப்பியைத் தந்து “கரை,” என்றார். நான் தண்ணீரைச் செலுத்திப் பலமாகக் குலுக்கினேன். உள்ளே ஒரே நுரை. அதை வாங்கி மேசையில் வைத்தார். நுரை அடங்கும்வரை என்னை அதன் முன்னால் நிற்கவைத்தார். வெளியே பிள்ளைகள் காத்திருந்தார்கள், அவர் அசையவில்லை. பிறகு இன்னொரு குப்பியை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். தூள் கரைந்து கட்டிப் பால் போல வந்தது. உள்ளங்கைச் சூட்டில் மருந்தின் குளிரும் போனது. “குளிர்ந்த மருந்து அதிகமாக நோகும்,” என்றார்.

அவருடைய ஒழுங்கு இப்படி. மருந்து ஒவ்வாமல் போனால் உயிர் காக்கும் அட்ரினலின் குப்பி தட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் முதல் பிள்ளையைக் கூப்பிடக்கூடாது. “சாப்பிட்டாயா?” என்று கேட்காமல் ஊசியைத் தொடக்கூடாது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு மேசை லாச்சியில் மாரி பிஸ்கட் இருந்தது. மெல்லிய ஊசி பாதியில் அடைத்துக்கொள்ளும், பிள்ளைக்கு இரண்டாம் குத்து விழும், ஆகவே தடித்த ஊசிதான். பிட்டத்தை மனதுக்குள் நாலாகப் பிரித்து மேலே வெளிப்பக்கம். கீழே இறங்கினால் காலுக்கு ஓடும் பெரிய நரம்பு. ஊசி இறங்கியதும் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு துளி இரத்தம் வந்தாலும் வெளியே எடுத்துவிட வேண்டும், இந்த மருந்து இரத்தக் குழாய்க்குள் போகவே கூடாது. பிறகு இரண்டு மூன்று நிமிஷம் எடுத்து மெதுவாகத் தள்ள வேண்டும். நின்று செய்தால் அவசரம் வரும் என்று கதிரையில் இருந்துதான் போட வைத்தார். போட்டு முடிந்ததும் அரை மணித்தியாலம் வெளியில் போட்ட நீள வாங்கில் கண்ணுக்குத் தெரிய உட்கார்ந்திருக்க வேண்டும். எவருடைய பிள்ளைக்கும் அதில் சலுகை இல்லை. நகரத்தில் குண்டு வெடித்து வீதிகளை மூடிய ஒரு நாள், சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஆறு மணிக்கு வந்து சேர்ந்த ஒரு தாய்க்காக அறையைப் பூட்டாமல் இருந்தார். அந்தப் பிள்ளையும் அரை மணித்தியாலம் வாங்கில் இருந்தது.

ஊசி போட்ட மறுநாள் எனக்கு ஒரு பக்கம் ஊன்றி உட்கார முடியாது. சிஸ்டர் அதை எட்டு மாதம் பார்த்தார் போல. ஒன்பதாவது மாதம் கதவைச் சாத்திவிட்டு, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கேட்டார்.

“நங்கி, உனக்கு யார் போடுகிறார்கள்?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தக் கண்ணுக்கு முன்னால் முடியவில்லை. “கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரி, சிஸ்டர்.”

“அங்கே அட்ரினலின் இருக்கிறதா?”

“தெரியாது.”

“தெரியாமல் போய்ப் படுக்கிறாயா? நீ ஒரு நேர்ஸ்.” தட்டை மூடிவிட்டுச் சொன்னார். “கிளினிக்கில் போய் மற்றவர்கள் மாதிரி ஒரு நோயாளிப் புத்தகம் எடு. புத்தகம் இல்லாமல் இந்த அறையில் யாருக்கும் ஊசி இல்லை.”

எடுத்தேன். தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதினேன். சிஸ்டர் அதை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அன்று முதல் நாலு கிழமைக்கு ஒருநாள், கடைசிப் பிள்ளை போனபிறகு, நான் பிள்ளைகளுக்குப் போடும் அதே ஊசியை எனக்கு அவர் போட்டார். என்னையும் அரை மணித்தியாலம் வாங்கில் இருக்கவைத்தார்.

சிஸ்டர் ஓய்வுபெற்றபிறகு அறை என் கையில் வந்தது. பெயரளவில் வேறு சிஸ்டர், வேலை என்னுடையது. அந்த நாட்களில்தான் மெர்லின் என்ற பிள்ளையின் விஷயம் நடந்தது.

மெர்லினும் கொட்டாஞ்சேனைதான். பன்னிரண்டு வயதில் வாதக்காய்ச்சல் வந்து வால்வு கொஞ்சம் பழுதாகியிருந்தது. தாய் றோஸ்மேரி வீட்டில் இருந்து உடுப்புத் தைப்பவர், தகப்பன் இல்லை. ஆறு வருஷம் ஒரு தவணை பிந்தாமல் வந்த பிள்ளை பதினெட்டு வயதில் ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தபாலட்டை போட்டேன். பதில் இல்லை. நேர்ஸ்மாருக்குத் தலைவியான மேற்றனிடம் கேட்டேன். “நீ ஆஸ்பத்திரி நேர்ஸ். வீடு வீடாகப் போவது உன் வேலை இல்லை,” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாதாரணச் சேலையில் போனேன்.

றோஸ்மேரி வாசலிலேயே என்னைத் தடுத்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதைக் கண்டு உள்ளே கூட்டிப்போனார்.

“மிஸ்ஸி, குறை நினைக்காதேங்கோ. இவளுக்கு ஒரு சம்பந்தம் பேசியிருக்கு. நல்ல இடம். அந்த ஆக்களும் இதே ரோட்டுதான். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போறதைக் கண்டா என்ன நினைப்பினம்?”

“கலியாணம் முடியட்டும் எண்டு கிருமி பாத்துக்கொண்டு இருக்காது, அக்கா.”

“பிள்ளை இப்ப நல்லாத்தானே இருக்கிறாள். பாருங்கோ.”

மெர்லின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். உண்மையில் நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் இந்த நோயின் கள்ளம். வால்வு கெட்டுக்கொண்டிருக்கும்போதும் முகம் வடிவாக இருக்கும்.

“ஊசி போடுற பிள்ளையை ஆர் கட்டுவினம், சொல்லுங்கோ,” என்றார் றோஸ்மேரி.

அப்போது நான் செய்ததைச் சரி என்றும் சொல்லலாம், பிழை என்றும் சொல்லலாம். கைப்பையில் இருந்த என் கிளினிக் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

“நானும் எனக்கு இந்த ஊசி போடுறனான். உங்கட மகளுக்கு இருக்கிற அதே வருத்தம்தான். நான் நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிறன். எனக்கு என்ன குறை?”

றோஸ்மேரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“மிஸ்ஸிக்குக் கலியாணம் ஆகேல்லைத்தானே?”

“இல்லை.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்,” என்றார்.

ஒருமுறை ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்தது உண்மை. நான் வருத்தத்தை மறைக்காமல் சொன்னதும், பிறகு அவர் வராததும் உண்மை. வேலைக்குச் சொன்ன பொய்யை அவருக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில், அப்போது நான் குடியிருந்த வெள்ளவத்தை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வந்தது. ஊசி அறை நேர்ஸ் வீட்டுக்கு வந்து தன்னைப் பயமுறுத்தினார், அந்த நேர்ஸே ஒரு இதய நோயாளி, அப்படிப்பட்டவர் எப்படிப் பிள்ளைகளுக்கு ஊசி போடலாம் என்று றோஸ்மேரி எழுதிக் கொடுத்திருந்தார். மேற்றன் என் பழைய படிவத்தையும் கிளினிக் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஊசி அறையில் இருந்து என்னை எடுத்து, கட்டில் விரிப்புகள் வைக்கும் துணி அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். இந்த வேலைக்கு என் உடம்பு தகுதியா என்று பார்க்க மெடிக்கல் போர்டுக்கு நாள் குறித்தார்கள். சில நேர்ஸ்மார் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். சிலர் “மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் குடுங்கோ, விட்டிடுவினம்,” என்றார்கள். நான் கொடுக்கவில்லை.

போர்டு கூடும் நாளுக்கு முன்பே மெர்லின் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவசரப் பிரிவில் இருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நான் விரிப்புகளோடு அந்த வழியால் போனேன். பிள்ளையால் படுக்க முடியவில்லை, நிமிர்ந்து இருந்து வாயால் மூச்செடுத்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன் தொண்டை நோ வந்து போனதாம். இரண்டாவது தாக்கம். முன்பு கொஞ்சமாய்க் கசிந்த வால்வு இப்போது அநேகமாய்த் திறந்தே கிடந்தது.

அன்று எனக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால், என் புத்தகத்தைக் காட்டாமல் இருந்திருந்தால், அந்தத் தாய் பயம் குறைந்து மூன்றாம் மாதமாவது கூட்டி வந்திருப்பாரோ? இதை நான் பல வருஷம் என்னையே கேட்டேன். பதில் தெரியாது. ஆனால் மறுபடி அப்படி ஒரு பிள்ளை வராமல் விட்டால் மறுபடியும் போவேன்.

நாலாம் நாள் றோஸ்மேரி துணி அறை வாசலுக்கு வந்தார். சீலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

“மிஸ்ஸி, நான் பெரிய டொக்டரிட்டப் போய் அந்தக் கடிதம் பொய் எண்டு சொல்லுறன்.”

“ஏன் பொய் சொல்லப் போறீங்கள்? நீங்கள் எழுதினது உண்மைதானே. நான் வந்தனான். எனக்கு வருத்தம் இருக்கு.”

“உங்கட வேலை போயிடும் எண்டு சொல்லுகினம்.”

“போகட்டும் பாப்பம். நீங்கள் போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில இருங்கோ.”

போர்டில் மூன்று டொக்டர்மார். ஒருவர் என் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். ஸ்கேன் செய்தார்கள், படி ஏற வைத்தார்கள். பிறகு நடுவில் இருந்தவர் என் படிவத்தை எடுத்தார்.

“இதில் பொய் எழுதியிருக்கிறீர்கள்.”

“ஓம், சேர்.”

“ஏன்?”

“உண்மையை எழுதியிருந்தால் எடுத்திருப்பீர்களா?”

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். “இல்லை,” என்றார். நேர்மையான மனிதர்.

“அப்படியென்றால் இத்தனை வருஷமும் நான் செய்த வேலையை யார் செய்திருப்பார்கள் என்று தெரியாது, சேர். நான் செய்தது மட்டும் எனக்குத் தெரியும். அதில் பிழை இருந்தால் காட்டுங்கள்.”

பதிவேட்டுப் பிரிவில் கதிரை வேலை தரலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த வேலை ஊசி அறையில் இருக்கிறது, அதற்குத்தான் போவேன் என்றேன்.

சோமலதா சிஸ்டரையும் அழைத்திருந்தார்கள். இரத்மலானையில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை. நான் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“இவருடைய நோய் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் அறிவிக்கவில்லை?”

“இவர் என் அறைக்கு நோயாளியாக வந்தார். நோயாளியின் புத்தகத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.”

“நேர்ஸாக எப்படி?”

“என் பேரப்பிள்ளைக்கு இந்த ஊசி தேவைப்பட்டால் இவரிடம் கொண்டுபோவேன்,” என்றார் சிஸ்டர். “வேறு கேள்வி இருக்கிறதா? எனக்குப் பஸ் இருக்கிறது.”

அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதையும் எனக்குச் சொல்லவில்லை.

ஊசி அறைக்குத் திரும்பப் போகலாம் என்று முடிவு வந்தது. பொய்த் தகவல் கொடுத்ததற்காகக் கடும் எச்சரிக்கை ஒன்று என் கோப்பில் ஏறியது. வருஷத்துக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை. அந்த எச்சரிக்கையால் எனக்குச் சிஸ்டர் பதவி கிடைக்கவே இல்லை. எனக்குக் கீழே வேலை பழகியவர்கள் இரண்டு பேர் எனக்கு மேலே வந்தார்கள். நேர்ஸாகவே ஓய்வுபெற்றேன். அந்தக் கோப்பைக் காட்டி யாராவது என்னைக் குனிய வைக்கலாம் என்று நினைத்தால், நானே அதை எடுத்து வாசித்துக் காட்டுவேன்.

மெர்லின் உயிர் தப்பினாள். நெஞ்சைத் திறந்து வால்வைத் திருத்த வேண்டியிருந்தது. பேசியிருந்த சம்பந்தம் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்காமலே போய்விட்டது. சுகமானபிறகு தாயின் மெஷினில் தைக்கத் தொடங்கினாள். தவணை நாளை அவளே குறித்து வைத்து, தாயைக் கேட்காமல் தனியாகவே வருவாள். பிறகு பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே வாய் திறந்து சொல்லிவிடுவாளாம். இரண்டு குடும்பம் எழும்பிப் போயிருக்கிறது. “போறவை போகட்டும், மிஸ்ஸி. அவைக்குப் பின்னால நான் ஓடேலாதுதானே, மூச்சு வாங்கும்,” என்று ஊசிக் கட்டிலில் கவிழ்ந்து படுத்தபடி சிரித்தாள்.

றோஸ்மேரி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நான் ஓய்வுபெறும் வருஷத்தில் ஒருநாள் மகளோடு அவரும் வந்து வெளி வாங்கில் இருந்தார். பக்கத்தில் பொரளைப் பக்கமிருந்து வந்த ஒரு தாய். மகனுக்குப் பத்து வயது. பிள்ளை நன்றாக ஓடி விளையாடுகிறான், ஊசி போட்ட நாள் முழுக்க நொண்டுகிறான், போதும், இனிக் கூட்டிவர மாட்டேன் என்று யாருக்கோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நின்றேன். வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்க வாய் எடுத்தேன்.

றோஸ்மேரி முந்திக்கொண்டார். அந்தத் தாயின் கையைப் பிடித்துத் தொலைபேசியைக் கீழே இறக்கினார்.

“நானும் நிப்பாட்டினனான்,” என்றார். “இவள்தான் என்ர மகள். பிள்ளை, அந்த மேல் பொத்தானைக் கழட்டி இவவுக்கு ஒருக்காக் காட்டு.”

மெர்லின் காட்டினாள். கழுத்துக்குக் கீழே இருந்து நேராக இறங்கும் தழும்பு. வாங்கில் இருந்த எல்லாத் தாய்மாரும் பார்த்தார்கள். அந்தத் தாய் தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு மகனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

நான் உள்ளே போய்த் தட்டில் அட்ரினலின் குப்பியைப் பார்த்தேன். அடுத்த குப்பியைக் கையில் எடுத்து உருட்டத் தொடங்கினேன். பிறகு அந்தப் பையனின் பெயரைக் கூப்பிட்டேன்.